லாஸ் ஏஞ்சலஸில் வீடு பார்க்கும்போது எண்ணெய்க் கிணற்றையும் பார்ப்பது எப்படி?

லாஸ் ஏஞ்சலஸில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வருபவர்கள் பள்ளிக்கூடம் எப்படி, அலுவலகம் எவ்வளவு தூரம், நிலநடுக்கப் பிளவு பக்கத்தில் ஓடுகிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அடுத்த தெருவில் எண்ணெய்க் கிணறு உண்டா என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்த ஊர் எண்ணெய் வயல்களின் மேலேயே வளர்ந்தது. 1892-இல் எட்வர்ட் டொஹினியும் சார்ல்ஸ் கேன்ஃபீல்டும், இன்று டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கும் பகுதிக்கு அருகே, கையால் குழி தோண்டி எண்ணெய் கண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் வீட்டுக் கொல்லைகளில் மரக் கோபுரங்கள் முளைத்துவிட்டன. இன்று நகர எல்லைக்குள் மட்டும் 26 எண்ணெய், எரிவாயு வயல்கள் உள்ளன. இயங்குபவை, நின்றுபோனவை, மூடப்பட்டவை எல்லாம் சேர்த்தால் கிணறுகள் 5,000-க்கு மேல் இருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தெருவில் நடப்பவர் கண்டுகொள்ள முடியாது. பிக்கோ புலவார்டில் நிற்கும் கார்டிஃப் டவரைப் பார்ப்பவர் யூதர்களின் வழிபாட்டுக் கூடம் என்றோ பழைய அலுவலகக் கட்டடம் என்றோ எண்ணிக் கடந்துபோவார். உள்ளே இருப்பது துளையிடும் தளம். பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியின் ஓரத்தில் பூ வரைந்த உறை போர்த்திய கோபுரம் ஒன்று பல ஆண்டுகள் நின்றது. லாங் பீச் கரைக்கு எதிரே கடலில் 1960-களில் கட்டப்பட்ட நான்கு செயற்கைத் தீவுகளில் பனை மரங்களும் அருவிகளும் வண்ணச் சுவர்களும் உண்டு. தூரத்திலிருந்து அவை உல்லாச விடுதிகளாகத்தான் தெரியும். ஆகவே இந்த ஊரில் கிணறு தேடுபவர் முதலில் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தெருவில் இறங்குவது நல்லது.

வரைபடத்தில் தொடங்குங்கள்

கலிஃபோர்னியாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைக் கண்காணிக்கும் மாநிலத் துறைக்குக் கால்ஜெம் என்று பெயர். அதன் இணையதளத்தில் ‘வெல் ஃபைண்டர்’ என்ற வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. முகவரியை உள்ளிட்டதும் சுற்றியுள்ள கிணறுகள் புள்ளிகளாகத் தெரியும். வீட்டிலிருந்து 3,200 அடி, அதாவது ஏறத்தாழ 975 மீட்டர் ஆரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். இந்த அளவு மாநிலச் சட்டத்திலிருந்து வருகிறது. 2022-இல் கையெழுத்தாகி, எண்ணெய் நிறுவனங்கள் முன்னெடுத்த பொதுவாக்கெடுப்பு முயற்சியால் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த முயற்சி கைவிடப்பட்டபின் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 1137 என்னும் சட்டம், வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள் போன்றவற்றிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறு தோண்டுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே அந்த எல்லைக்குள் இருக்கும் கிணறுகளை அது மூடிவிடவில்லை. கூடுதல் கண்காணிப்புக்கு உட்படுத்துகிறது, அவ்வளவே. ‘அதுதான் தடை வந்துவிட்டதே’ என்று தரகர் சொன்னால் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

புள்ளியைத் தொட்டால் கிணற்றின் பத்து இலக்க எண், நடத்தும் நிறுவனத்தின் பெயர், நிலை ஆகியவை வரும். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும் அடுத்த மூன்றும் கவுண்டியையும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குறிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக் கிணறுகள் வழக்கமாக 04037 என்று தொடங்கும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் ‘எங்கள் தெருக் கிணறு’ என்பதைவிட இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

நிலை என்ற கட்டத்தில் மூன்று சொற்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். இயங்கும் கிணறு என்றால் எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கிறார்கள், அல்லது தண்ணீரை உள்ளே செலுத்துகிறார்கள். தொடர்ந்து 24 மாதங்கள் எதுவும் நடக்காத கிணற்றைச் செயலற்றது என்கிறார்கள். அது மூடப்பட்டதல்ல, திறந்தபடி காத்திருக்கிறது. மூன்றாவதுதான் சிமென்ட் இட்டு அடைக்கப்பட்டது. நடைமுறையில் செயலற்ற கிணறுகளையே நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். இயங்கும் கிணற்றுக்கு வருமானம் உண்டு, ஆள் உண்டு. செயலற்றதற்கு இரண்டும் குறைவு. அதை வைத்திருக்கும் நிறுவனம் திவாலானால் அடைக்கும் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வி எழும். பெவர்லி ஹில்ஸ் பள்ளிக் கிணறுகளை நடத்திய நிறுவனம் 2017-இல் திவாலானபோது இந்தக் கேள்விதான் எழுந்தது.

அடைக்கப்பட்டது என்று கண்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எந்த ஆண்டில் அடைத்தார்கள் என்று பாருங்கள். அந்தக் கிணற்றுக்கான பழைய பதிவேடுகளின் ஸ்கேன் பிரதிகள் வரைபடத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். தட்டச்சிலும் கையெழுத்திலும் இருக்கும் அந்தப் பக்கங்களில், எந்த ஆழத்தில் எவ்வளவு சிமென்ட் இட்டார்கள் என்பது இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக்கட்டை, கல், மண், கையில் கிடைத்த குப்பை ஆகியவற்றைக் கொட்டிக் கிணற்றை மூடிய காலம் ஒன்று உண்டு. மாநிலம் எண்ணெய்த் துறையைக் கண்காணிக்கத் தொடங்கியதே 1915-இல்தான். அதற்கு முந்தைய கிணறுகளில் பலவற்றுக்கு ஒழுங்கான பதிவே கிடையாது. பதிவு உள்ள பழைய கிணறுகளின் புள்ளியும் உண்மையான இடத்திலிருந்து பல அடி விலகி இருக்கலாம். வரைபடத்தில் புள்ளி இல்லாததை வைத்து நிலத்தில் கிணறு இல்லை என்று முடிவுசெய்ய முடியாது.

இன்னொன்று: புள்ளி காட்டுவது கிணற்றின் வாயை. நகரக் கிணறுகள் பெரும்பாலும் சாய்வாகத் துளையிடப்படுபவை. ஒரே மதிலுக்குள் பல வாய்கள் இருக்க, அவற்றின் அடி பல தெருக்களுக்கு அப்பால், யாரோ ஒருவருடைய படுக்கையறைக்கு ஆயிரக்கணக்கான அடி கீழே இருக்கும். உடல்நலத்தைப் பொறுத்தவரை கவலைக்குரியது வாய் இருக்கும் இடமும் அங்குள்ள தொட்டிகளும் குழாய்களும்தான். ஆழத்தில் ஓடும் துளையால் வீட்டுக்காரருக்குத் தொல்லை அரிது.

பத்திரத்தில் 500 அடி

வாங்குபவர்கள் மட்டும் இந்தப் பகுதியைப் படித்தால் போதும். நம்மூரில் நிலத்தடி எண்ணெயை எடுக்க உரிமம் தருவது அரசு. நிலத்துக்காரர் அதை விற்க முடியாது. அமெரிக்காவில் நிலத்தடி எண்ணெய் தனியாரின் சொத்தாக இருக்கலாம். அதைத் தரைமேல் உள்ள மனையிலிருந்து பிரித்து வேறொருவருக்கு விற்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில், 500 அடிக்குக் கீழுள்ள எண்ணெய், எரிவாயு, கனிமங்கள் இந்த விற்பனையில் சேரா; ஆனால் அவற்றை எடுக்கத் தரைமேல் நுழையும் உரிமை கிடையாது என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். இப்படிக் கனிமத்தைப் பிரித்து வைத்திருப்பது இந்த ஊரில் சாதாரணம். அதைக் கண்டு பதற வேண்டாம். வாசகத்தின் பிற்பாதி இல்லாமல் முற்பாதி மட்டும் இருந்தால்தான் வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

எஸ்க்ரோ காலத்தில், அதாவது விற்பனை முடியும்வரை பணம் நடுநிலையாளரிடம் இருக்கும் நாட்களில், வரும் டைட்டில் அறிக்கையில் (மனையின் உரிமை விவரம்) விதிவிலக்குகள் என்ற பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். பழைய எண்ணெய்க் குத்தகைகள், குழாய் பதிக்கும் உரிமைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். விற்பவர் தரும் இயற்கை ஆபத்து அறிக்கையில் சட்டப்படி இடம்பெறுபவை வெள்ளம், காட்டுத்தீ, நிலநடுக்கம் போன்றவை. எண்ணெய்க் கிணறு பெரும்பாலும் கூடுதல் சுற்றுச்சூழல் அறிக்கையில்தான் வரும். அது உங்களுக்குத் தந்த ஆவணங்களில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வீட்டோடு கனிம உரிமையும் வருகிறது, மாதாமாதம் ராயல்டி (எடுக்கும் எண்ணெய்க்கான பங்குத் தொகை) கிடைக்கும் என்று விளம்பரப்படுத்துவார்கள். நகர மனைகளில் அந்தத் தொகை பெரும்பாலும் சிறியது. அதை நம்பி விலையை உயர்த்திக் கொடுக்காதீர்கள்.

மணமில்லாத மீத்தேன்

1985 மார்ச் 24 அன்று ஃபேர்ஃபேக்ஸ் பகுதியில் இருந்த துணிக்கடை ஒன்றின் அடியில் சேர்ந்த மீத்தேன் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நடைபாதை விரிசல்களிலிருந்து தீ நாக்குகள் எழுந்தன. அதன்பின் நகரம் மீத்தேன் மண்டலங்களை வரையறுத்தது. 2004-இன் விதிகளின்படி அந்த மண்டலங்களில் கட்டப்படும் கட்டடங்களுக்கு மண் பரிசோதனையும், தேவைக்கேற்ப அடித்தளத்தின் கீழ் தடுப்பு விரிப்பும் வாயு வெளியேறும் குழாய்களும் கட்டாயம். உங்கள் மனை அந்த மண்டலத்தில் வருகிறதா என்பதை நகரத் திட்டமிடல் துறையின் ஜிமாஸ் என்னும் இணைய வரைபடத்தில் முகவரி கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடுக்குமாடியில் குடியேறுபவர், நிலத்தடிக் கார் நிறுத்தத்தில் மீத்தேன் உணரி இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று மேலாளரிடம் கேட்பது நியாயமான கேள்வி. கூரைவரை செல்லும் காற்றுக் குழாய்களை யாரும் அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயுவுக்கு நாற்றம் இருப்பது, கசிவு தெரியட்டும் என்று விநியோக நிறுவனம் மெர்காப்டன் சேர்ப்பதால்தான். நிலத்திலிருந்து கசியும் மீத்தேனுக்கு அப்படி எச்சரிக்கும் மணம் இருக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் மூக்கை நம்பாமல் கருவியை நம்புங்கள்.

நேரில் போய்ப் பார்க்கும்போது

பகல் பன்னிரண்டு மணிக்கு, கடற்காற்று வீசும் நேரத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு ‘ஒரு வாடையும் இல்லை’ என்று திரும்புவது பயனற்றது. காற்று அசையாத அதிகாலையிலும், இரவு உணவுக்குப் பிறகும் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஜன்னலே இல்லாத உயரமான சுவர், காரணமில்லாமல் அடர்த்தியாக வளர்த்த வேலி, டேங்கர் லாரி நுழையும் அளவுக்கு அகலமான இரும்புக் கதவு ஆகியவை அடையாளங்கள். கதவில் நிறுவனத்தின் பெயரும் அவசரத் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பால்ட்வின் ஹில்ஸ் பக்கம் லா சியனேகா புலவார்டில் போனால் எந்தத் துப்பும் தேவையில்லை; இங்கிள்வுட் எண்ணெய் வயலின் பம்ப்ஜாக்குகள் (எண்ணெயை மேலே இழுக்கும் எந்திரங்கள்) சாலையின் இருபுறமும் தலையாட்டிக்கொண்டிருக்கும். 1924-இல் கண்டறியப்பட்ட இந்த வயல் அமெரிக்காவின் மிகப் பெரிய நகர எண்ணெய் வயல்களுள் ஒன்று. பெயர் இப்படி இருந்தாலும் இது இங்கிள்வுட் நகருக்குள் இல்லை. பெரும்பகுதி கவுண்டியின் நேரடி ஆட்சியிலும் ஒரு பகுதி கல்வர் சிட்டியிலும் இருக்கிறது.

அமைதியாகத் தலையாட்டும் பம்ப்ஜாக்கை மட்டும் பார்த்துத் தளத்தை எடை போடாதீர்கள். சில நாட்களில் கிணற்றைப் பழுதுபார்க்கும் ரிக் (கோபுரம் போன்ற எந்திரம்) வரும். டீசல் எந்திரம் இரவிலும் ஓடலாம். துளையில் படிந்ததைக் கரைக்க அமிலம் ஏற்றிய லாரிகள் வரும். குடியிருப்போருக்குத் தலைவலி தருபவை பெரும்பாலும் அந்த நாட்கள்தான். துளையிடுதல், பழுதுபார்த்தல், அமிலம் செலுத்துதல் ஆகியவற்றுக்கு முன்பே நிறுவனங்கள் ஏ.க்யூ.எம்.டி. என்னும் தென்கடற்கரைக் காற்றுத் தர அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி 1148.2 கூறுகிறது. அந்த அறிவிப்புகள் அமைப்பின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன; மின்னஞ்சலில் பெறவும் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்; எந்த நாளில் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

நாற்றம் வந்தால்

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடின் அடையாளம். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால் அளவு மிகும்போது அதே வாயு மோப்ப உணர்வை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை திடீரென்று நின்றுவிட்டதாலேயே ஆபத்து போய்விட்டது என்று கொள்ள முடியாது. அது காற்றைவிடக் கனமானது, பள்ளங்களிலும் நிலவறைகளிலும் தங்கும். வாடை கடுமையாக இருந்தாலோ, சீறும் ஓசை கேட்டாலோ, தலைசுற்றினாலோ, யோசிக்காமல் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, கிணற்றுத் தளத்தைவிட்டு விலகி, 911-ஐ அழையுங்கள். புகார் எழுதுவதெல்லாம் பிறகு.

உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத வாடைக்கு ஏ.க்யூ.எம்.டி.யின் 1-800-288-7664 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வாடை இருக்கும்போதே அழையுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வரி. ஆய்வாளர் வந்து, தாமே முகர்ந்து, அது எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து உறுதிசெய்தால்தான் நடவடிக்கை நகரும். மறுநாள் காலை எழுதும் நீண்ட மின்னஞ்சல் பெரும்பாலும் கோப்பில் உறங்கும். ஒரே வீட்டிலிருந்து பத்து அழைப்புகள் போவதைவிடப் பல வீடுகளிலிருந்து தனித்தனியாக ஒவ்வொரு அழைப்பு போவது பலமானது. பொதுத்தொல்லை என்று நிறுவ வெவ்வேறு வீடுகளின் புகார்கள் தேவை. வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதோடு நிறுத்தாமல், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அந்த எண்ணை அழைக்க வேண்டும். ஒவ்வொருவரும் புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

அழைக்கும்போது என்ன சொல்வது? ‘நாற்றம் தாங்க முடியவில்லை’ என்பது உண்மையாக இருந்தாலும் பயன்படாது. ‘இரவு 9.40-லிருந்து அழுகிய முட்டை வாடை, மேற்கிலிருந்து காற்று, எங்கள் வீட்டுக்கு மேற்கே கிணற்றுத் தளம், எண் இது, இரண்டு டேங்கர் லாரிகள் நிற்கின்றன, மகனுக்கு மூக்கில் இரத்தம் வந்தது, இன்னும் வாடை இருக்கிறது’ என்று சொல்லுங்கள். இதே வடிவத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமுமாக எழுதி வையுங்கள். பெட்ரோல் போன்ற வாடையா, தார் வாடையா, இனிப்புக் கலந்ததா என்று வேறுபடுத்தி எழுதினால் ஆய்வாளருக்கு உதவும். வாடையை மறைக்கத் தெளிக்கும் வாசனைப் பொருளும் சில தளங்களில் உண்டு என்பதால் பழ வாடையையும் விடாமல் எழுதுங்கள். அலைபேசிப் படத்தில் நாள், நேரம் பதிவாகிவிடும். தனியார் மதிலுக்குள் ஏறிப் படமெடுப்பது மட்டும் வேண்டாம்.

இப்படித் தொடர்ந்து பதிவு செய்வதால் என்ன ஆகும் என்பதற்கு யூனிவர்சிட்டி பார்க் பகுதி சான்று. அங்கே இருந்த கிணற்றுத் தளத்தால் 2010-க்குப் பிறகு தலைவலி, மூக்கில் இரத்தம், குமட்டல் என்று குடியிருப்போர் நூற்றுக்கணக்கான முறை புகார் செய்தார்கள். 2013-இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தபோது அவர்களுக்கே உடல்நிலை கெட்டது. அவ்வாண்டு இறுதியில் தளம் நிறுத்தப்பட்டது. கிணறுகளை நிரந்தரமாக அடைக்குமாறு மாநிலம் உத்தரவிட 2020 ஆயிற்று. தளத்துக்குத் தெருவின் எதிர்ப்புறத்தில் சிறுமியாக வளர்ந்து இந்தப் போராட்டத்தில் பேசிய நலேலி கோபோவுக்கு 2022-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பொறுமை வேண்டும் என்பதை இந்த ஆண்டுக் கணக்கு சொல்லிவிடும்.

மருத்துவரிடம் போகும்போதும் கிணற்றின் தூரத்தைச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் கிணற்றுத் தளங்களை ஒட்டி வாழ்வோரிடம் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கிணற்றுக்கு அருகிலும் காற்று வீசும் திசையிலும் இருப்பவர்களின் நுரையீரல் திறன் குறைந்து காணப்பட்டது.

எந்தக் கதவைத் தட்டுவது

காற்றுக்கு ஏ.க்யூ.எம்.டி., கிணற்றுக்குக் கால்ஜெம், தளத்தில் உள்ள தொட்டிகளுக்கும் இரசாயனங்களுக்கும் தீயணைப்புத் துறை, நிலப் பயன்பாட்டுக்கும் இரைச்சலுக்கும் நகரமோ கவுண்டியோ. தவறான கதவைத் தட்டினால் மற்றக் கதவைக் காட்டிவிட்டுச் சாத்துவார்கள். உங்கள் முகவரி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள்தானா என்பதை அஞ்சல் முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கல்வர் சிட்டி 2021-இல் தன் எல்லைக்குள் உள்ள கிணறுகளை ஐந்தாண்டுகளில் மூடத் தீர்மானித்தது. கவுண்டி 2023-இல் தன் நேரடிப் பகுதிகளுக்கு இதே போக்கில் விதி செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2022 டிசம்பரில் புதிய கிணறுகளைத் தடைசெய்து, இருப்பவற்றை இருபது ஆண்டுகளில் மூட விதித்தது. 2024 செப்டம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதம், உள்ளூர் அரசுகளுக்கு இந்த அதிகாரம் உண்டு என்று மாநிலம் சட்டம் இயற்றியது. ஆகவே கூட்டத்தில் பேசப் போகும் முன் அன்றைய நிலையை மாநகர உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வு அறிக்கைகள், விதிமீறல் நோட்டீஸ்கள் ஆகியவற்றைக் கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். குடியுரிமை தேவையில்லை, காரணம் சொல்லவும் வேண்டாம். ஆவணம் தர முடியுமா என்பதைப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கிணற்றின் பத்து இலக்க எண்ணையும் காலவரம்பையும் குறித்துக் கேட்டால் பதில் விரைவாக வரும்.

அடைக்க வரும்போது

கிணறு மூடப்படப் போகிறது என்ற செய்தி வந்தபின் தெருவில் மீண்டும் ரிக் நிற்கும். பழைய குழாய்களை எடுத்துத் துப்புரவு செய்து, பல ஆழங்களில் சிமென்ட் இடுவார்கள். இந்த வேலையும் ஆபத்தற்றதல்ல. 2019 ஜனவரியில் மரீனா டெல் ரேயில் விடுதி கட்டும் மனையில் இருந்த பழைய கிணறு ஒன்றை மறுபடி அடைக்கும்போது, சேறும் வாயுவும் நூறு அடி உயரத்துக்குப் பீறிட்டன. எனவே வேலை தொடங்குமுன் நிறுவனத்திடமும் கால்ஜெமிடமும் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தெந்தக் கிணறு, எந்த நேரங்களில் வேலை, மதிலோரத்தில் காற்றை அளக்கும் கருவி எங்கே வைக்கப்படும், அளவு மிகுந்தால் வீடுகளுக்கு யார் எப்படித் தகவல் சொல்வார்கள் என்று கேளுங்கள். வேலை முடிந்தபின் வெல் ஃபைண்டரில் அந்த எண்ணின் நிலை மாறியிருக்கிறதா, சிமென்ட் ஆழங்களோடு இறுதி அறிக்கை ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வாங்குபவர் அதைக் கேட்பார்.